பழைய ஜீப்பில் டீசல் என்ஜின்: இறக்கி ஏற்றுவதற்கு முன்னால்



விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி, மரக்காணம் வட்டாரங்களில் கொஞ்சம் நிலபுலன் உள்ள பல வீடுகளின் மாட்டுக் கொட்டகை ஓரத்தில் ஒரு பழைய ஜீப் நிற்பதைப் பார்க்கலாம். அப்பா காலத்தில் வாங்கியதாக இருக்கும், அல்லது ஏலத்தில் எடுத்ததாக இருக்கும். சேறானாலும் மணலானாலும் வரப்பு ஓரத் தடமானாலும் நாலு சக்கரமும் இழுத்துக்கொண்டு போகும் வண்டி அது. மல்லாட்டை மூட்டையை ஏற்றலாம், உரத்தை ஏற்றலாம், அவசரத்துக்கு ஆளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் ஓடலாம். ஆனால் பெட்ரோல் போட்டு மாளவில்லை என்பதால் பல வீடுகளில் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது.

அப்போது யாராவது ஒருவர், “என்னங்க, ஒரு டீசல் என்ஜினைத் தூக்கி வைத்துவிட்டால் சரியாகப் போச்சு!” என்பார். இந்த யோசனை சரியா? எந்தச் சூழ்நிலையில் செய்யலாம்? செய்வதானால் எதை எதைக் கவனிக்க வேண்டும்? இவற்றைத்தான் இன்றைக்கு உங்களோடு பேசப் போகிறேன்.

முதலில், இது புதுமையான யோசனை அல்ல என்பதைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் 1940களின் கடைசியில் மகிந்திரா கம்பெனியார் அமெரிக்காவின் வில்லிஸ் ஜீப்பைப் பம்பாயில் பூட்ட ஆரம்பித்தார்கள். பிறகு பல ஆண்டுகள் வந்த சி.ஜே.3பி என்ற ஜீப்பில் இருந்தது ‘ஹரிகேன்’ என்ற நாலு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். சுமார் 2.2 லிட்டர் கொள்ளளவு, சுமார் 72 குதிரை சக்தி. அந்த என்ஜின் உயரமானது என்பதால்தான் அந்த ஜீப்பின் பானட்டும் உயர்ந்து நிற்கிறது.

1973ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் எண்ணெய் நெருக்கடி வந்தது. பெட்ரோல் விலை ஏறியது. ஜீப் வைத்திருந்தவர்கள் திணறினார்கள். அதே நிறுவனத்தார் 1963ஆம் ஆண்டில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனியோடு சேர்ந்து பி.275 என்ற டிராக்டரைச் செய்யத் தொடங்கியிருந்தார்கள். அந்த டிராக்டர் வழியில் வந்த டீசல் என்ஜினை 1970களில் ஜீப்பில் பொருத்தி விற்றார்கள். 1980களில் பிரான்சு நாட்டுப் பீஜோ கம்பெனியின் எக்ஸ்.டி.பி. என்ற 2,112 சி.சி. டீசல் என்ஜின் வந்தது. அதற்கும் பிறகு 2,523 சி.சி. டி.ஐ. என்ஜின் வந்தது. ஆக, நிலத்தில் உழுத என்ஜினின் வம்சம்தான் ஜீப்புக்குள்ளும் ஏறியது. வண்டியைச் செய்தவர்களே இந்த மாற்றத்தைச் செய்திருக்கிறார்கள். ஆனால் அவர்களிடம் வரைபடமும், அளவுக் கருவியும், ஓட்டிப் பார்க்கும் களமும் இருந்தன. நம்ம பட்டறையில் இருப்பது ஒரு செயின் பிளாக்கும், ஒரு வெல்டிங் மெஷினும், மெக்கானிக்கின் கை அனுபவமும்தான். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

கணக்கை முதலில் போடுங்கள்

விதைக்கும் முன் கணக்குப் பார்ப்பதைப் போல இதற்கும் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் பெட்ரோலை விட டீசல் மிகவும் மலிவு. இன்றைக்கு அப்படி இல்லை. பெட்ரோல் விலை மீதிருந்த அரசுக் கட்டுப்பாடு 2010 ஜூனிலும், டீசல் விலை மீதிருந்த கட்டுப்பாடு 2014 அக்டோபரிலும் நீங்கின. இடைவெளி குறைந்துபோனது. 2024ஆம் ஆண்டில் சென்னையில் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய்க்குச் சற்று மேலும், டீசல் 92 ரூபாயை ஒட்டியும் விற்றன. ஆகவே இப்போது லாபம் என்பது விலை வித்தியாசத்தில் இல்லை, மைலேஜில்தான் இருக்கிறது.

உதாரணத்துக்கு உங்கள் பெட்ரோல் ஜீப் லிட்டருக்கு 7 கிலோமீட்டர் ஓடுகிறது, டீசல் வைத்தால் 11 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோலில் கிலோமீட்டருக்குச் சுமார் 14 ரூபாய் செலவு. டீசலில் சுமார் 8 ரூபாய். மிச்சம் 6 ரூபாய். என்ஜின், கூலி, லேத் வேலை எல்லாம் சேர்ந்து ஒன்றரை லட்சம் ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், போட்ட பணம் திரும்பி வர 25,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். நிலத்துக்கும் வீட்டுக்குமாகத் தினம் 10 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு அதற்கு ஏறக்குறைய 7 ஆண்டு ஆகும். தினம் 40 கிலோமீட்டர், திண்டிவனம் மார்க்கெட்டுக்குக் காய்கறியோ பாலோ ஏற்றிப் போய் வருகிறவருக்கு இரண்டு வருஷத்துக்குள் வந்துவிடும். உங்கள் எண்களைப் போட்டு நீங்களே இந்தக் கணக்கைப் பாருங்கள்.

இன்னொன்றும் செய்ய வேண்டும். பெட்ரோல் ஏன் அதிகமாகக் குடிக்கிறது என்று பார்க்க வேண்டும். கார்புரேட்டர் தேய்ந்திருக்கலாம், பிரேக் ஷூ ஒட்டிக்கொண்டு சக்கரத்தைப் பிடித்திருக்கலாம், டயரில் காற்றுக் குறைவாக இருக்கலாம். ஒரு நல்ல மெக்கானிக்கிடம் சிலிண்டர் கம்ப்ரஷனை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். சில ஆயிரத்தில் சரியாகிற வியாதிக்கு லட்சக் கணக்கில் வைத்தியம் பார்க்க வேண்டாம்.

ஸ்பானரை எடுக்கும் முன் சட்டம்

இந்தப் பகுதியைத்தான் பலர் கடைசியில் நினைக்கிறார்கள். முதலில் நினைக்க வேண்டியது இது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் வண்டியைத் தயாரித்த கம்பெனி குறித்ததற்கு முரணாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. வேறு எரிபொருளுக்கு மாற்றுவதற்கு அதே பிரிவில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஆனால் அது நிபந்தனைகளுக்கு உட்பட்டது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளரின் அசல் அமைப்புக்கு மாறாகத் திருத்திய வண்டியைப் பதிவு செய்ய முடியாது என்று தெளிவாகச் சொன்னது. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். விழுப்புரமானாலும் திண்டிவனமானாலும் உங்கள் வண்டி எந்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் கீழ் வருகிறதோ அங்கே ஆர்.சி. புத்தகத்தோடு போங்கள். இன்ன என்ஜினை எடுத்துவிட்டு இன்ன என்ஜினை வைக்க விரும்புகிறேன் என்று எழுதிக் கொடுத்து, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். அனுமதி கிடைத்து வேலை முடிந்தால் 14 நாட்களுக்குள் அதைத் தெரிவித்து, ஆர்.சி. புத்தகத்தில் என்ஜின் எண்ணும் எரிபொருளும் திருத்தப்பட வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும். டீசலுக்கான புகைச் சான்றும் எடுக்க வேண்டும்.

“யார் பானட்டைத் திறந்து பார்க்கப் போகிறார்கள்?” என்று சிலர் சொல்வார்கள். வண்டிக்கு 15 வருஷம் ஆன பிறகு ஐந்தைந்து வருஷத்துக்கு ஒரு தரம் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். அப்போது வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோக வேண்டும். அதை விட முக்கியம், சாலையில் ஒரு விபத்து நேர்ந்தால் என்ன ஆகும் என்பது. ஆர்.சி.யில் ஒரு என்ஜின், வண்டியில் வேறு என்ஜின் என்றால் இன்ஷூரன்ஸ் பணம் சிக்கலாகும். அடிபட்ட குடும்பத்துக்கு நஷ்ட ஈட்டை உங்கள் நிலத்தை விற்றுக் கொடுக்க வேண்டிய நிலைகூட வரலாம். அனுமதி கிடைக்காது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டால், பெட்ரோல் என்ஜினையே நன்றாகப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அதை விற்று, கம்பெனியிலிருந்தே டீசலாக வந்த பழைய ஜீப் ஒன்றைச் சரியான ஆவணத்தோடு வாங்குங்கள். பல பேருக்கு இந்த இரண்டாவது வழியே செலவும் குறைவு, தலைவலியும் குறைவு.

எந்த என்ஜின்?

திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. மணிலா விதைகள் உங்களுக்குத் தெரியும். மானாவாரிக்கு ஒரு ரகம், இறவைக்கு ஒரு ரகம் என்று பார்த்துத்தானே போடுகிறோம்? என்ஜினும் அப்படித்தான். வேலைக்கும் வண்டிக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும்.

கிணற்றடியில் ஓடுகிற ஒற்றைச் சிலிண்டர் ஆயில் என்ஜினை ஜீப்பில் வைக்க நினைக்காதீர்கள். அது ஒரே வேகத்தில் தண்ணீர் இறைக்கச் செய்தது. ஏறியும் இறங்கியும் ஓட வேண்டிய வண்டிக்கு உதவாது. பெரிய லாரி என்ஜினும் வேண்டாம். கனம் தாங்காமல் வண்டி முகம் குப்புற நிற்கும். அதே ஜீப் வம்சத்தில் வந்த டீசல் என்ஜின்தான் உத்தமம். பீஜோ என்ஜின் குளிரில் கிளம்ப ஹீட்டர் பிளக் வேண்டும். டி.ஐ. என்ஜினில் டீசல் நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதால் நம் சீதோஷ்ணத்தில் அது இல்லாமலே பிடித்துக்கொள்ளும். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே உதிரி பாகம் கிடைக்கிற என்ஜினாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்னை புதுப்பேட்டையிலோ வேறு எங்கேயோ பழைய என்ஜின் வாங்குவதானால், மாட்டைப் பல் பிடித்துப் பார்த்து வாங்குவதைப் போல வாங்குங்கள். தரையில் கிடக்கும் என்ஜினைப் பார்த்து விலை பேச வேண்டாம்; ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். சூடு ஏறாத நிலையில் எத்தனை சுற்றில் பிடிக்கிறது என்று பாருங்கள். பிடித்த பிறகு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை வந்தால், பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்துவிட்டன என்று அர்த்தம். சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கரும்புகை விடாமல் வந்தால் பம்போ நாசிலோ சரியில்லை, அல்லது காற்றுப் போதவில்லை. ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, அதைத் தொடாதீர்கள்.

இன்னும் ஒரு விஷயம். என்ஜின் எண் தெளிவாக இருக்க வேண்டும். சுரண்டியோ மறுபடி அடித்தோ இருந்தால் திருட்டு வண்டியின் என்ஜினாக இருக்கலாம். எந்த வண்டியிலிருந்து எடுத்தது என்பதற்கான காகிதமும், ரசீதும் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

பொருத்துகிற வேலை

பெட்ரோல் என்ஜின் காற்றை ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காக அமுக்கும். டீசல் என்ஜின் பதினேழு முதல் இருபத்திரண்டில் ஒரு பங்காக அமுக்கும். அந்த அமுக்கத்தில் பிறக்கும் சூட்டிலேயே டீசல் தீப்பிடிக்கிறது. பிளக் பொறி தேவையில்லை. அந்த அழுத்தத்தைத் தாங்க என்ஜின் கனமாகச் செய்யப்பட்டிருக்கும். அடியும் அதிர்வும் அதிகமாக இருக்கும். மாற்ற வேலையில் வருகிற தொல்லைகளில் பாதிக்கு இதுதான் மூலம்.

என்ஜினை இறக்கி ஏற்றும்போது புளியமரக் கிளையில் கயிறு கட்டித் தூக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அது கூடாது. டீசல் என்ஜின் இரண்டு நெல் மூட்டைக்கு மேல் கனம் உள்ளது. கிளை முறிந்தால் கீழே இருப்பவர் பிழைக்க மாட்டார். நல்ல இரும்பு முக்காலியும் செயின் பிளாக்கும் வேண்டும். தொங்குகிற என்ஜினுக்குக் கீழே யாரும் கை நீட்டக் கூடாது.

என்ஜினையும் கியர் பாக்ஸையும் சேர்க்கிற இடம்தான் உயிர்நிலை. பழைய கியர் பாக்ஸுக்கும் புது என்ஜினுக்கும் நடுவே ஒரு இரும்புத் தட்டு கடைந்து போடுவார்கள். அந்தத் தட்டின் நடு மையமும், என்ஜின் கிராங்க் மையமும், கியர் பாக்ஸ் ஷாஃப்ட் மையமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். உயரமான மாட்டையும் குட்டையான மாட்டையும் ஒரே நுகத்தில் பூட்டினால் கழுத்துப் புண்ணாகும் அல்லவா? அதுபோல மையம் ஒரு மயிரிழை விலகினாலும் பைலட் பேரிங் போகும், கிளட்ச் உதறும், கியர் தானாக நழுவும். இந்த வேலையைக் கண் அளவில் செய்ய விடாதீர்கள். லேத் பட்டறையில் டயல் கேஜ் வைத்துப் பார்த்துச் செய்யச் சொல்லுங்கள்.

அடுத்து கியர் பாக்ஸ். பழைய ஜீப்பின் மூன்று கியர் பெட்டி, பெட்ரோல் என்ஜினின் இழுவைக்குச் செய்தது. டீசல் என்ஜின் குறைந்த சுற்றிலேயே வலுவாக இழுக்கும். சேற்றில் மாட்டிக்கொண்டு முறுக்கினால் பல் தெறித்துவிடும். முடிந்தால் அந்த டீசல் என்ஜினோடு வந்த கிளட்ச், கியர் பாக்ஸ் எல்லாவற்றையும் ஒரே செட்டாக வாங்குங்கள். தட்டுக் கடைகிற வேலையே மிச்சமாகும். ஆனால் செட்டின் நீளம் வேறாக இருந்தால் முன்னும் பின்னும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் குறைக்கவோ கூட்டவோ வேண்டும். அதையும் பேலன்ஸ் பார்க்கிற இடத்தில்தான் செய்ய வேண்டும்.

இப்போது வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு. பழைய ஜீப்பின் ஆக்சிலில் கிரவுன்-பினியன் விகிதம் பெரும்பாலும் 5.38. அதாவது என்ஜின் பக்கத்து ஷாஃப்ட் 5.38 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. சக்கரம் ஒரு சுற்றில் சுமார் 2.2 மீட்டர் போகும். டாப் கியரில் என்ஜின் நிமிஷத்துக்கு 2,000 சுற்று ஓடினால் வண்டி மணிக்கு 49 கிலோமீட்டர் வேகம். 3,000 சுற்றில் சுமார் 74. பெட்ரோல் என்ஜின் 4,000 சுற்று வரை போகும். டிராக்டர் வழி வந்த டீசல் என்ஜினை அப்படி விரட்டக் கூடாது. விரட்டினால் சத்தம் காதைக் கிழிக்கும், என்ஜின் ஆயுளும் போகும். சென்னை-திருச்சி நெடுஞ்சாலையில் பின்னால் வருகிற பஸ்ஸும் லாரியும் உங்களை நெருக்கும்போது இது பெரிய ஆபத்து.

வேகம் வேண்டுமானால் விகிதத்தை மாற்றலாம். 4.27 விகிதம் போட்டால் அதே 2,000 சுற்றில் சுமார் 62 கிலோமீட்டர் வேகம் கிடைக்கும். ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. நாலு சக்கர இழுவை உள்ள வண்டியில் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே விகிதமாக இருக்க வேண்டும். பின்னால் மட்டும் மாற்றினால், நாலு சக்கரம் போட்ட உடனே முன் சக்கரம் ஒரு வேகம், பின் சக்கரம் ஒரு வேகம் என்று இழுத்து, டிரான்ஸ்பர் கேஸ் உடைந்துபோகும். நிலத்துத் தடத்திலேயே ஓடுகிற வண்டியானால் 5.38ஐ அப்படியே விட்டுவிடுவது நல்லது. இழுவை அருமையாக இருக்கும்.

ஆயில் சம்ப்பையும் பாருங்கள். பள்ளத்தில் விழுந்து எழும்போது முன் ஆக்சில் மேலே எழும்பும். சம்ப்புக்கும் ஆக்சிலுக்கும் இடையே போதிய சந்து இல்லாவிட்டால், செஞ்சிப் பக்கத்துப் பாறைத் தடத்தில் ஒரு நாள் சம்ப் உடைந்து ஆயில் முழுவதும் கொட்டிவிடும். வண்டி நிற்கும்போது சந்து இருக்கிறது என்று திருப்தி அடையாதீர்கள். முன்பக்கத்தில் ஆட்களை ஏற்றி அமுக்கிப் பாருங்கள்.

டேங்க், பைப், கம்பி

பழைய பெட்ரோல் டேங்கை வெல்டிங் வைப்பது எமனோடு விளையாடுவது. டேங்க் காலியாகத்தானே இருக்கிறது என்பார்கள். பெட்ரோல் நிறைந்த டேங்கை விட, பெட்ரோல் ஆவி நிறைந்த காலி டேங்க்தான் வெடிக்கும். பெரும்பாலான பழைய ஜீப்பில் அது டிரைவர் சீட்டுக்குக் கீழேயே இருக்கிறது. ஆகவே அதைக் கழற்றிப் போட்டுவிட்டு டீசலுக்கென்று சுத்தமான வேறு டேங்க் வைத்துக்கொள்ளுங்கள். பழைய டேங்கின் துரு உள்ளே போனால் டீசல் பம்பும் நாசிலும் நாசமாகும்.

பெட்ரோல் வண்டிக்கு ஒரு பைப் போதும். டீசலுக்கு இரண்டு வேண்டும்: டேங்கிலிருந்து போகிற பைப் ஒன்று, மிச்ச டீசல் திரும்பி வருகிற பைப் ஒன்று. நடுவில் தண்ணீர் பிரிக்கும் கிண்ணமும் நல்ல பில்டரும் வேண்டும். கேனில் வாங்கி வந்து ஊற்றுகிற பழக்கம் உள்ளவர்களுக்கு இது மிகமிக அவசியம். ஆயில் என்ஜின் ஓட்டியவர்களுக்குக் காற்று எடுக்கிற வேலை தெரியும். இதிலும் அதே வேலைதான். கை பம்பை அடித்து, திருகைத் தளர்த்தி, நுரை இல்லாமல் டீசல் வரும் வரை விட வேண்டும். ஆனால் நாசில் பீய்ச்சுவதைக் கையை வைத்துப் பார்க்காதீர்கள். அது நூறு மடங்கு காற்றழுத்தத்துக்கு மேற்பட்ட வேகம். தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். விரலையே எடுக்க வேண்டி வரும்.

டீசல் என்ஜினைச் சுற்றிவிடப் பெரிய ஸ்டார்ட்டர் மோட்டாரும், அதற்கேற்ற 12 வோல்ட் பேட்டரியும், கனமான கம்பியும் வேண்டும். மிகப் பழைய ஜீப்புகளில் 6 வோல்ட் இருக்கும். பல்பு முதல் ஹாரன் வரை எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும். சில பழைய ஜீப்புகளில் வைப்பர் கரண்டில் ஓடாது. பெட்ரோல் என்ஜின் காற்றை உறிஞ்சுகிற சக்தியில் ஓடும். டீசலில் அந்த உறிஞ்சல் கிடையாது. என்ஜின் மாற்றிய பின் முதல் மழையில்தான் வைப்பர் வேலை செய்யவில்லை என்று தெரியவரும். முன்கூட்டியே கரண்ட் வைப்பர் போட்டுவிடுங்கள்.

ரேடியேட்டர் அடைப்பை நீக்கி, விசிறி அதற்கு நேராக நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நம் செம்மண் புழுதிக்கு ஆயில் பாத் ஏர் கிளீனர் நல்லது. அறுவடைக் காலத்தில் அதைத் திறந்து சுத்தம் செய்து புது ஆயில் ஊற்ற வேண்டும். புழுதி உள்ளே போனால் ஒரே பருவத்தில் சிலிண்டர் தேய்ந்துவிடும்.

நிறுத்தத் தெரிய வேண்டும்

ஓட வைப்பதை விட நிறுத்துவது முக்கியம். இங்கே இரண்டு விஷயம்.

ஒன்று, பிரேக். கனமான என்ஜின் வந்த பிறகு முன் ஸ்பிரிங் பட்டை அமுங்கும், ஸ்டியரிங் இறுகும், பிரேக் பிடித்தால் முகம் குத்தும். ஆகவே முன் பட்டைக்கு இலை சேர்க்க வேண்டும். வீல் சிலிண்டர், பிரேக் ஷூ, ஹோஸ் பைப் எல்லாவற்றையும் புதிதாகப் போட வேண்டும். சக்தி பிரேக் உள்ள வண்டியானால், முன்பு அது என்ஜின் உறிஞ்சலில் வேலை செய்தது. டீசலில் அதற்குத் தனியாக வாக்குவம் பம்ப் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெடல் கல் மாதிரி நிற்கும். என்ஜினுக்கு லட்சம் கொடுத்துவிட்டுப் பிரேக்குக்கு ஆயிரத்தை மிச்சம் பிடிக்கிறவர், தன் உயிரை மட்டும் அல்ல, எதிரே வருகிறவர் உயிரையும் பணயம் வைக்கிறார்.

இரண்டு, என்ஜினை அணைப்பது. பெட்ரோல் என்ஜின் சாவியைத் திருப்பினால் நிற்கும். இந்த மாதிரிப் பழைய டீசல் என்ஜின்களில் டீசலை நிறுத்தினால்தான் நிற்கும். அதற்கு ஸ்டாப் கம்பியை உறுதியாக இழுத்துப் பிடிக்கும்படி வைக்க வேண்டும். சில சமயம் தேய்ந்த என்ஜின் தன் ஆயிலையே உறிஞ்சிக்கொண்டு, டீசலை நிறுத்தினாலும் நிற்காமல் கண்மண் தெரியாமல் கத்தும். பயந்து ஓட வேண்டாம், கையால் காற்றுக் குழாயை மூடவும் வேண்டாம். பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, டாப் கியரைப் போட்டுக் கிளட்ச்சை விடுங்கள்; என்ஜின் மூச்சுத் திணறி நிற்கும். வண்டிக்கு முன்னால் ஆள் நிற்கக் கூடாது. வண்டியை ஓட்டுகிற பிள்ளைகளுக்கும் டிரைவருக்கும் இதைச் சொல்லிக் கொடுத்து வையுங்கள்.

வேலை முடிந்த உடனே பாரம் ஏற்றிக்கொண்டு நெடுந்தூரம் கிளம்பாதீர்கள். முதல் வாரம் ஊருக்குள்ளேயே ஓட்டுங்கள். தினமும் என்ஜின் தாங்கும் போல்ட்டுகளை முடுக்கிப் பாருங்கள். டீசலின் அதிர்வு அவற்றைத் தளர்த்திவிடும். தண்ணீர், ஆயில் அளவைப் பாருங்கள். டீசல் கசிவு, சூடான சைலன்சர் பைப்பைத் தொடுகிற கம்பி ஏதாவது இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். முதல் 500 கிலோமீட்டரில் ஆயிலையும் பில்டரையும் ஒரு முறை மாற்றுங்கள்.

தண்ணீரில் இறங்கும் முன்

கடைசியாக ஒன்று. 2024ஆம் ஆண்டு நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர். ஏரி எது, சாலை எது என்று தெரியவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் ஊருக்கு உதவுவது நாலு சக்கர இழுவை உள்ள வண்டிதான். டீசல் வண்டிக்குப் பிளக் பொறி கிடையாது, அதனால் தண்ணீரில் நிற்காது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பாதிதான் உண்மை. காற்றுக் குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விட்டால் நிலைமை வேறு. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வந்து முட்டும். கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பெட்ரோல் என்ஜினை விட டீசலில் இந்த அடி பெரிது. தண்ணீருக்குள் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். கயிறு கட்டி வெளியே இழுத்து, நாசிலைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றிய பிறகே சுற்ற வேண்டும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் பெரியவர்கள் சொன்னது வண்டிக்கும் பொருந்தும்.

சரி, முடிவாக என்ன சொல்கிறீர்கள் என்று கேட்பீர்கள். தினம் நல்ல தூரம் ஓட்டுகிறவர், எழுத்தில் அனுமதி கிடைத்தவர், ஜீப் வம்சத்து என்ஜின் செட்டு முழுவதும் காகிதத்தோடு கிடைத்தவர், பிரேக்குக்கும் ஆக்சிலுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க முடிந்தவர் இதைச் செய்யலாம். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் பொறுத்திருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் செய்துவிட்டார் என்பதற்காகச் செய்ய வேண்டாம். அவர் ஓட்டுகிற தூரம் வேறு, உங்கள் தூரம் வேறு. நன்றாகப் புதுப்பித்த பெட்ரோல் ஜீப் ஒன்றும் கேவலமானது அல்ல. மாதத்துக்கு நாலு தரம் ஓடினாலும், அவசரத்துக்குக் கிளம்பி, நினைத்த இடத்தில் நிற்கிற வண்டிதான் விவசாயிக்கு உதவுகிற வண்டி.